உடலும் ஓர் அமானிதம்

ஊருக்குப் போகும் ஒருவர் நம்மை நம்பி ஒரு பணமுடிப்பை ஒப்படைத்துச் சென்றால், அதில் ஒரு காசும் குறையாமல் திருப்பிக் கொடுப்பதே நாணயமுள்ள வியாபாரிக்கு அழகு. அமானிதப் பொருளில் கை வைத்தவனுக்கு நம் கடைத்தெருவில் யாரும் கடன் கொடுக்கமாட்டார்கள். ஆனால் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த இவ்வுடலை மட்டும் சொந்தச் சரக்கென்று எண்ணி மனம்போல் செலவழிக்கிறோமே, இது முறைதானா? சகோதரர்கள் சிந்திக்க வேண்டும்.

"ஹயாத்து அவன் கையில் இருக்கிறது, கறியைக் குறைத்தால் ஆயுள் நீளுமா?" என்று கேட்போர் உண்டு. ஹயாத்தும் மவுத்தும் அவன் கையில்தான், ஐயமில்லை. ரிஸ்கும் அவன் கையில்தானே! அதற்காக இரவில் கடையைப் பூட்டாமல் போகிறோமா? கடைக்குப் பூட்டும் உடலுக்குத் தவக்குலும் என்று பிரித்துக் கொள்வது நியாயமன்று.

52 நாடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2004-இல் வெளியாயிற்று. புகை, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இரத்தக் கொழுப்பு, தொந்தி, மனக்கவலை, காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை போன்ற ஒன்பது காரணங்களே பெரும்பாலான மாரடைப்புகளுக்கு அடிப்படை என்று அது காட்டியது. அதே ஆராய்ச்சியில், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சுமார் 53 வயதில் வந்ததாகவும், மற்றவர்களுக்குச் சுமார் 59 வயதில் வந்ததாகவும் 2007-இல் தெரிவித்தார்கள். காலை முதல் இரவு வரை கல்லாப்பெட்டியை விட்டு எழாத நாம் இந்தக் கணக்கைப் புறக்கணிக்கலாகாது.

நோய் கண்டபின்னும் வழி அடைபடவில்லை. அமெரிக்க டாக்டர் டீன் ஆர்னிஷ் இருதய நோயாளிகள் 48 பேரை இரு பிரிவாக்கிச் சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டார். ஒரு பிரிவினர் கொழுப்பு மிகக் குறைந்த மரக்கறி உணவு உண்டு, புகையை விட்டு, உடற்பயிற்சியும் மன அமைதிப் பயிற்சியும் செய்தனர். ஓராண்டில் அவர்களுடைய இரத்தக் குழாயின் அடைப்பு சராசரியாக நூற்றுக்கு 40-லிருந்து 37.8 ஆயிற்று. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 42.7-லிருந்து 46.1 ஆக ஏறிற்று. ஆட்கள் சிலரே, உணவும் பயிற்சியும் சேர்ந்தே நடந்ததால் புகழ் முழுவதும் காய்கறிக்கே உரியதன்று. டாக்டர் கொடுத்த மருந்தை யாரும் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

மண்ணில் விளைந்ததெல்லாம் இருதயத்துக்கு நல்லதென்றும் எண்ணிவிடக் கூடாது. ரொட்டி சானாயும், தேங்காய்ப்பால் சோறும், டின் பால் கலந்த தேநீரும் மரக்கறிதான். நான் சொல்வது கீரை, பருப்பு, பயறு, காய், பழம், தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றை.

இறைச்சி நமக்கு ஆகுமானது. ஆகுமானதை ஹராமென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஆகுமானது என்றால் அன்றாடம் தின்றே தீரவேண்டும் என்று பொருளல்ல. நம்மில் பலருக்குத் தடையாக நிற்பது மார்க்கமன்று, கௌரவமே. கல்யாண வீட்டில் நெய்ச்சோறும் கறியும் குறைந்தால் கஞ்சன் என்பார்களே என்ற அச்சம்! விருந்தாளியை மகிழ்விப்பது நற்செயல். அவர் வேண்டாமென்று கையை மறித்தபின்னும் வற்புறுத்தி வைப்பது உபசாரமாகுமா? டாக்டர் விலக்கச் சொன்னதை நம் கையாலேயே அவர் தட்டில் வைப்பது எந்த அன்பில் சேரும்?

இவ்வுடலில் நமக்கு மட்டுமா பங்கு? மனைவி மக்களுக்கும், கடைச் சிப்பந்திகளுக்கும், நம்மை நம்பிச் சரக்குக் கொடுத்தவர்களுக்கும் அதில் ஹக்கு உண்டு. முதலாளி திடீரெனச் சாய்ந்தால் மூடப்படுவது ஒரு கடை மட்டுமன்று. ஒரு பிள்ளையின் படிப்பும் நின்றுபோகலாம். ஆகவே பகல் சோற்றில் ஒரு கரண்டி கறியைக் குறைத்து இரு கரண்டி காயைக் கூட்டுவோம். பக்கத்துப் பள்ளிவாசலுக்கு வண்டியை விட்டு நடந்து செல்வோம். அதன்பின் ஆயுளை அவனிடம் ஒப்படைப்போம்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.