பயனைக் கொடுப்பவன் யார்?

தேக்கடி ஏரியில் படகு ஏறியவர்கள் எல்லாரும் ஒரு காட்சியைப் படமெடுத்திருப்பார்கள். தண்ணீருக்கு மேலே கறுத்து நிற்கும் பட்டமரங்கள், அவற்றின் உச்சியில் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகங்கள். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அது. குமுளி பஜாரிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். அந்த மரங்களும், கரையில் இறங்கி நீர் குடிக்கும் யானைக் கூட்டமும், ஏலத்தோட்டத்து மூடுபனியும் உலகின் பெரிய படவிற்பனைத் தளங்களில் எல்லாம் கிடைக்கின்றன. பயண இதழ் நடத்துபவர், ஹோட்டல் விளம்பரம் போடுபவர், பாடநூல் அச்சிடுபவர் என யார் வேண்டுமானாலும் பணம் கட்டி இறக்கிக்கொள்ளலாம். படமெடுத்தவருக்கு அதில் ஒரு பங்கு வந்து சேரும். 2020 ஜூன் 1 முதல் ஷட்டர்ஸ்டாக் நிறுவனத்தில் அந்தப் பங்கின் அடிமட்டம் பத்து சென்ட். அன்றைய மதிப்பில் சுமார் ஏழரை ரூபாய்.

அதற்கு முன்பு சந்தாக்காரர் ஒருவர் ஒரு படத்தை இறக்கினால் எடுத்தவருக்கு 25 முதல் 38 சென்ட் வரை கிடைத்துவந்தது. கொரோனா முடக்கத்தில் கல்யாண வேலையும் சுற்றுலா வேலையும் நின்றுபோய், வீட்டில் முடங்கிய படக்காரர்களுக்கு அந்தச் சில்லறையே கைப்பிடியாக இருந்த நேரத்தில்தான் விகிதம் மாறியது. பல நாடுகளில் படக்காரர்கள் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து எடுத்து எதிர்ப்புக் காட்டினார்கள்.

இதைக் கூலித் தகராறு என்று மட்டும் படிக்கலாம். கூலித் தகராறுதான். ஆனால் அதன் அடியில் இந்த நாட்டுச் சமயவாதிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்ட ஒரு கேள்வி கிடக்கிறது. ஒருவர் செய்த வினைக்கும் அவர் கைக்கு வரும் பயனுக்கும் நடுவில் இருப்பது எது?

நடுவில் யாரும் வேண்டியதில்லை என்றது ஒரு தரப்பு. ஜைமினியின் மீமாம்சை வழியில், வேள்வி முடிந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆற்றல் தங்கியிருந்து, காலம் கனியும்போது பயனைத் தானே தந்துவிடும். சமணமும் வினை தன்னைச் செய்தவரைத் தானே தேடி அடையும் என்றது. நாலடியார் இதற்குச் சொல்லும் உவமை, பல பசுக்களுக்கு நடுவிலும் தன் தாயை இனங்கண்டு போகும் கன்று. தமிழ்ச் சைவம் இதை ஏற்கவில்லை. வினை அறிவற்ற சடம், அது யாரையும் தேடி வராது என்பது அதன் வாதம். பெரியபுராணத்தில் சாக்கிய நாயனார் காஞ்சியில் பௌத்த நூல்களைக் கற்று, நிறைவு காணாமல் சிந்தித்துத் தெளியும் இடத்தில் சேக்கிழார் கணக்கை முடித்துவைக்கிறார். செய்த வினை, அதைச் செய்தவன், அதனால் விளையும் பயன் ஆகிய மூன்றோடு நான்காவதாக, அந்தப் பயனைக் கொடுப்பவன் ஒருவனும் வேண்டும்.

இணையத்தில் படம் விற்றவர்களின் அனுபவம் சேக்கிழார் பக்கமே நிற்கிறது. படம் கன்று மாதிரி தாயைத் தேடி வருவதில்லை. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தை அங்கேயே இருந்து படமெடுத்தவர் டேனியல் மொரேல். அவர் ட்விட்டரில் போட்ட படங்களை ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் கெட்டி இமேஜஸ் என்ற பட ஏஜென்சியும் அவரைக் கேட்காமல் உலகெங்கும் விநியோகித்தன. முதலில் வேறொருவர் பெயரில். 2013-இல் நியூயார்க் நடுவர் குழு 12 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொல்லும்வரை பயன் அவரை வந்து சேரவில்லை. கொடுக்க வைப்பதற்கு ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது.

ஆகவே ஏஜென்சி தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. கம்பத்திலோ குமுளியிலோ இருப்பவர் எடுத்த யானைப் படத்தை பெர்லினில் உள்ள பத்திரிகை ஆசிரியர் எப்படிக் கண்டுபிடிப்பார்? படத்தை வரிசைப்படுத்தி, தேடும் சொற்களோடு சேர்த்து, வாங்குபவரிடம் பணம் வசூலித்து, உரிமச் சிக்கல் வந்தால் பதில் சொல்வது உண்மையான உழைப்பு. கணினிக்குள் கிடக்கும் படம் சடம்தான். அதை எழுப்ப ஒருவர் வேண்டும்.

சிக்கல் அந்த நான்காம் இடத்தில் உட்கார்ந்தவரின் இயல்பில் இருக்கிறது. சைவ சித்தாந்தம் சொல்லும் கொடுப்பவன் தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்வதில்லை. அவன் வேண்டுதல் வேண்டாமை இல்லாதவன். கூட்டியோ குறைத்தோ தராமல், செய்த அளவுக்கு ஊட்டுபவன். கொடுப்பவனே பயனில் பங்காளியாகவும், பங்கை நிர்ணயிப்பவனாகவும் இருந்தால் சேக்கிழாரின் நான்கு மூன்றாகிவிடும். அப்படி ஒருவனைச் சைவம் கற்பனைகூடச் செய்யவில்லை.

ஷட்டர்ஸ்டாக்கின் 2020 ஏற்பாட்டையே எடுத்துக்கொள்வோம். படக்காரர்கள் ஆறு படிகளில் நிறுத்தப்பட்டார்கள். முதல் படியில் 15 விழுக்காடு. ஒரே ஆண்டில் 25,000 படங்களுக்கு மேல் விற்றால் 40 விழுக்காடு. ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் எல்லாரும் மறுபடி முதல் படிக்கு இறக்கப்படுவார்கள். பத்து ஆண்டுகள் விற்றவரும் முந்தின வாரம் சேர்ந்தவரும் அன்று காலையில் ஒரே படி. வினைக் கோட்பாட்டில் சஞ்சிதம் என்று ஒன்று உண்டு. முன்பு செய்தவை சேர்ந்து கிடக்கும் மூட்டை அது. நல்லதோ கெட்டதோ, அனுபவித்தோ அருளாலோ தீரும்வரை அது அழியாது. அந்த அச்சமும் ஆறுதலும்தான் கோடிக்கணக்கானவர்களின் வாழ்வை ஒழுங்கில் நிறுத்திவைத்திருக்கின்றன. செய்தது ஆண்டுக்கு ஒருமுறை கணக்கிலிருந்து துடைக்கப்படும் ஓர் உலகத்தில் உழைப்பவர் எதை நம்புவார்?

ஐஸ்டாக்கின் கதை இன்னும் கசப்பானது. 2000-இல் கனடாவின் கால்கரியில் புரூஸ் லிவிங்ஸ்டன் தொடங்கிய அந்தத் தளம், படக்காரர்கள் தங்களுக்குள் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் இடமாகத்தான் பிறந்தது. 2006-இல் கெட்டி அதை ஐந்து கோடி டாலருக்கு வாங்கியது. 2013 தொடக்கத்தில், தங்கள் படங்கள் சில கூகுள் டிரைவில் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வைக்கப்பட்டிருப்பதைப் படக்காரர்கள் கண்டார்கள். ஒப்பந்தம் கெட்டிக்கும் கூகுளுக்கும் இடையே. பலருக்குப் படம் ஒன்றுக்கு 12 டாலர், ஒரே ஒரு தடவை. பிப்ரவரி 2 அன்று ஏராளமானோர் கூடிப் பேசிவைத்துக்கொண்டு படங்களை நீக்கினார்கள். தளத்தில் மிக அதிகம் விற்றவர்களில் ஒருவரான ஷான் லாக்கின் ஒப்பந்தத்தை அந்த மாதமே நிறுவனம் முறித்தது.

இங்கே கீதையைக் கையில் எடுப்பவர்கள் உண்டு. கடமையைச் செய், பயனை எதிர்பார்க்காதே என்று படக்காரருக்குப் புத்தி சொல்லலாம். எல்லாத் தொழிலாளிக்கும் எல்லாக் காலத்திலும் சொல்லப்பட்ட புத்திதான் இது. ஆனால் அந்தப் போதனை யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். வில்லைக் கீழே போட்ட செய்பவனிடம் கண்ணன் சொன்னது அது. நீ பற்றை விடு என்று அர்ஜுனனிடம் சொன்னால், அர்ஜுனன் விட்டதை இன்னொருவர் வாரிக்கொள்ளலாம் என்று எங்கே பொருள் வந்தது? அதே நூலின் மூன்றாம் அத்தியாயம், தேவர்கள் தந்ததை அவர்களுக்குத் திருப்பிப் படைக்காமல் தானே உண்பவனைத் திருடன் என்கிறது. துறவு, துறப்பவரின் உரிமை. பிறர் அவர் சார்பில் துறந்துவிட முடியாது.

உண்மையிலேயே பயனைத் துறந்த ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு அமெரிக்கப் படக்கலைஞர் கேரல் ஹைஸ்மித்தின் வழக்கு சாட்சி. தன் நாட்டின் ஊர்களையும் கட்டடங்களையும் பல பத்தாண்டுகள் படமெடுத்து, 18,000-க்கும் மேற்பட்டவற்றை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடையாக, மக்கள் எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று கொடுத்தவர் அவர். அவருடைய படம் ஒன்றை அவருடைய அறக்கட்டளையே பயன்படுத்தியதற்கு 120 டாலர் கட்டச் சொல்லி, அலமி என்ற ஏஜென்சியின் சார்பில் ஒரு வசூல் கடிதம் வந்தது. கெட்டியும் அவர் படங்களைக் காசுக்கு விற்றுவந்தது. 2016-இல் நூறு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பொதுச் சொத்தாக்கிவிட்ட படத்தின்மீது அவருக்குக் காப்புரிமை இல்லை என்று அந்தக் கோரிக்கையை நீதிமன்றம் தள்ளியது. எஞ்சியது சமரசத்தில் முடிந்தது. சட்டத்தின் கணக்கு சரியாக இருக்கலாம். ஊருக்கென்று வெட்டிவிட்ட குளத்தில் காவல் போட்டுத் தண்ணீருக்குக் காசு வாங்குவதை அறம் என்று எந்த மரபும் ஏற்காது.

படக்காரரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் ஒரு செயல் நடக்க ஐந்து காரணங்களைச் சொல்கிறது. இடம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சி, ஐந்தாவதாகத் தெய்வம். தேக்கடியில் எடுத்த யானைப் படத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், கேமராவைப் பிடித்தவர் ஐந்தில் ஒருவர்தான். காடு இருக்கிறது. அந்த நேரத்தில் நீர் குடிக்க வந்த யானை இருக்கிறது. காற்றில் வாடை பிடித்து, நில் என்று கையைக் காட்டிய வழிகாட்டி இருக்கிறார். பெரியாறு புலிகள் காப்பகத்தில் அவர் மன்னான் அல்லது பளியர் குடியைச் சேர்ந்தவராக இருக்கலாம். முன்பு காட்டுக்குள் வயணப் பட்டை என்னும் காட்டு இலவங்கப்பட்டையை உரித்து விற்றுக்கொண்டிருந்தவராகவும் இருக்கலாம். 1996-இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டம் பட்டை உரித்தவர்களைக் குழுவாகச் சேர்த்துக் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாற்றியது. சுற்றுலா வருமானத்தில் ஒரு பகுதி அவர்களுக்கு வருகிறது. அவர் முகம் படத்தில் விழுந்து அது விளம்பரத்துக்குப் போவதானால், ஏஜென்சி கேட்பது அவருடைய கையெழுத்திட்ட ஒரு சம்மதத் தாள். அதன் பிறகு அந்த முகம் எத்தனை நாட்டில் எத்தனை தடவை விற்றாலும் அவருக்குச் செய்தி வராது.

கலிஃபோர்னியாவின் நிபோமோவில் 1936-இல் டொரத்தியா லாங் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படம் உலகறிந்தது. படத்திலிருந்த ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதனால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று ஆற்றாமையோடு சொன்னார். லாங் அரசு ஊழியர். அவருக்கும் அந்தப் படத்தில் ராயல்டி கிடையாது.

படமெடுப்பவர் முதலில் பார்த்தவர். பார்த்தவருக்கு என்ன உரிமை என்ற கேள்விக்குக் குமுளிக்கு மேலேயே ஒரு பழைய சாட்சியம் இருக்கிறது. மங்கலதேவி மலையில், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் பக்தர்களை அனுமதிக்கும் கண்ணகி கோயில். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து அன்றைக்கு ஏற்பாடு செய்கின்றன. சிலப்பதிகாரத்தில், வேங்கை மரத்தடியில் நின்ற அந்தப் பெண்ணைக் கணவனோடு வானோர் அழைத்துச் செல்வதைக் கண்ணால் பார்த்தவர்கள் குன்றக் குறவர்கள். அவளைத் தெய்வமாக முதலில் கொண்டாடிக் குரவை ஆடியவர்களும் அவர்களே. பிறகுதான் பெரியாற்றங்கரைக்கு வந்த சேரன் செங்குட்டுவனிடம் சொல்கிறார்கள். அரசன் இமயத்துக்குப் போய்க் கல் கொண்டுவந்தான், கோயில் எழுப்பினான். இளங்கோ காப்பியம் செய்தார். பார்த்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் பார்த்தார்கள் என்பதைக் காப்பியம் மறைக்கவில்லை. ஒரு காண்டத்தையே அவர்கள் பார்வையிலிருந்து தொடங்குகிறது. படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரைப் போடாமல் ஏஜென்சியின் பெயரை மட்டும் போடும் பத்திரிகைகள் இளங்கோவிடம் இதைக் கற்கலாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து நிலைமையை மேலும் குழப்பியிருக்கிறது. 2023 மார்ச்சில் அடோபி வெளியிட்ட ஃபயர்ஃபிளை என்ற படம் உருவாக்கும் கருவி, தன் விற்பனைத் தளத்தில் படக்காரர்கள் ஏற்றியிருந்த படங்களைக் கொண்டே பழக்கப்பட்டது. ஊக்கத்தொகை பிறகு வந்தது, விலகிக்கொள்ளும் வழி தரப்படவில்லை. இதற்கிடையே 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாக இணையப்போவதாக அறிவித்தன. கொடுப்பவர்கள் இருவராக இருந்தபோதே செய்பவரின் பேரம் இந்த அளவில்தான் இருந்தது.

வேறு வழியே இல்லையா? ஐஸ்டாக்கைத் தொடங்கிய அதே லிவிங்ஸ்டன் 2013-இல் பிரையானா வெட்லாஃபருடன் சேர்ந்து ஸ்டாக்ஸியைக் கூட்டுறவாக ஆரம்பித்தார். படக்காரர்களே அதன் பங்குதாரர்கள். சாதாரண உரிமத்தில் பாதி அவர்களுக்கு. குமுளிக்காரர்களுக்கு இன்னும் அருகில் ஒரு முறை தெரியும். புற்றடியிலும் போடியிலும் ஏலக்காய் விற்கும்போது நடுவில் ஏலதாரர் இருக்கிறார், அவரும் சும்மா வேலை பார்ப்பதில்லை. ஆனால் அவருக்கு நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் வேண்டும், தன் சரக்கு என்ன விலைக்குப் போனது என்று தோட்டக்காரருக்குத் தெரியும். படத்தை ஏற்றியவருக்கு, அதை வாங்கியது யார் என்பதுகூடப் பெரும்பாலும் தெரிவதில்லை.

இந்தியச் சட்டம் இதில் பாதித் தூரம் வந்து நிற்கிறது. 1957-இன் காப்புரிமைச் சட்டப்படி படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே. 2012 திருத்தம் அந்த உரிமையை அவர் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் நீட்டியது. அதே திருத்தத்தில், மாநிலங்களவையில் கவிஞர் ஜாவேத் அக்தர் போராடிப் பெற்ற இன்னொன்றும் உண்டு. திரைப்படப் பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும், திரையரங்கத்துக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் தங்கள் சமபங்கைக் கையெழுத்துப் போட்டாலும் இழக்க முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதைத் தரலாம். குமுளி மலையிறங்கிப் போனால் வரும் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா தன் பாடல்களுக்காக நீதிமன்றம் ஏறிய செய்திகளால் இந்தக் கேள்வி தமிழர்களுக்குப் பழக்கமானது. புகைப்படத்துக்கு அந்தப் பாதுகாப்பு எழுதப்படவில்லை. பாட்டுக்குச் சேர்த்த அந்த வாசகத்தில் புகைப்படத்தையும் சேர்க்கும்படி கேட்கப் படக்காரர்களுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் ஏஜென்சிகளோடு அவர்கள் ஏற்கும் ஒப்பந்தங்களில் பல நியூயார்க் போன்ற வெளிநாட்டுச் சட்டங்களின் கீழ் எழுதப்பட்டவை. டெல்லியில் திருத்தம் வந்தாலும், அந்த நாடுகளுக்குப் போய் அதை நிலைநாட்டும் வேலை மீதி இருக்கும்.