முன்பணமும் பங்கும்

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் போனுக்கு ஒரு செமஸ்டர் ரிசல்ட்டின் ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஐந்து பாடங்களில் பாஸ், இரண்டில் அரியர். அதன் கீழே ஒரு செய்தி: “அண்ணா, ஸாரிங்கண்ணா. இனிமே காசு வராதுன்னு தெரியும். நானே சொல்லிரலாம்னு அனுப்புனேன்.”

அனுப்பிய பெண் சங்ககிரிப் பக்கம். இசிஇ முதல் வருடம் முடித்து இரண்டாம் வருடம் போகிறாள். அவள் சொன்ன காசு, நானும் என் மனைவியும் அக்காவும் சேர்ந்து போடுகிற காசு. அறக்கட்டளை என்று பெயரெல்லாம் வைக்கவில்லை. ஒரு தனி வங்கிக் கணக்கு, ஒரு கூகுள் ஷீட், அவ்வளவுதான். சேலம், நாமக்கல் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் நான்கு பேருக்கு ஆளுக்கு வருடம் 40,000 ரூபாய். ஹாஸ்டல், பஸ், பரீட்சைக் கட்டணம் என்று அது போய்விடும். ஒருவர் முடித்து வெளியே போனால் இன்னொருவர் உள்ளே வருவார்.

அந்த ஷீட்டின் மேலே நான்கு விதிகள் இருக்கின்றன. மூன்றாவது விதி, “அரியர் வந்தால் உதவி நிறுத்தப்படும்.” அதை எழுதியது நான்தான். ஒரு இஃப் கண்டிஷன் எழுதுகிற அதே சாவகாசத்தோடு எழுதியிருந்தேன். அந்தப் பெண்ணின் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். ‘காசு கொடுத்தும் படிக்க முடியலயா?’ பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. இந்த வாக்கியத்தை நான் இதற்கு முன்னால் கேட்டிருக்கிறேன். அப்போது நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன்.

*

நான் பள்ளிபாளையத்துக்காரன். எங்கள் ஊரில் தறிச்சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். அப்பா இன்னொருவருடைய பட்டறையில் தறி ஓட்டினார். விசைத்தறி ஊர்களைத் தெரியாதவர்களுக்கு ‘முன்பணம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போதே பட்டறைக்காரர் ஒரு தொகை கொடுப்பார். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒரு செலவுக்கு அது போய்விடும். அதைத் திருப்பிக் கட்டாமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. வாங்குகிற கூலியில் அது அடைவதும் லேசில் நடக்காது. யாரும் உங்களைக் கட்டிப்போடுவதில்லை. கணக்கு நோட்டில் ஒரு வரி இருக்கும், அது போதும்.

2006ல் கவுன்சிலிங்கில் எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. நாமக்கல்லில் லாரித் தொழில் செய்த ஒரு குடும்பம், எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலருக்கு வருடம் 20,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது. எனக்கும் கிடைத்தது. சேதி கேட்டதும் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான்: “இதுக்கு எத்தன வருஷம் அவிய கிட்ட வேல செய்யோணும்?”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஒருவர் இன்னொருவருக்கு மொத்தமாகப் பணம் கொடுப்பதற்கு அவர் அறிந்த ஒரே பெயர் முன்பணம்தான்.

ஒரு மேடை இருந்தது. ஆளுயரக் காசோலை அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ. செமஸ்டருக்கு ஒரு நன்றிக் கடிதம். அதிலெல்லாம் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததாக இன்று சொன்னால் பொய். சட்டை புதிதாக இருந்தது, சாப்பாடு நன்றாக இருந்தது. மூன்றாவது செமஸ்டரில் கணக்குப் பாடம், நாங்கள் எம்-3 என்று சொல்வோம், அதில் போய்விட்டது. பணம் நின்றது. கேட்கப் போன அப்பாவிடம் யாரும் கடுமையாகப் பேசவில்லை. “விதி எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே” என்றார்கள். காசு கொடுத்தும் பையன் படிக்கவில்லையே என்று வருத்தப்பட்டார்களாம்.

அப்பா பட்டறையில் இன்னொரு முன்பணம் வாங்கினார். அரியரை அடுத்த தடவையே 54 மார்க்கில் முடித்துவிட்டேன். அந்த முன்பணம் முடிய 2011 ஆயிற்று. என் முதல் வருடச் சம்பளத்தில் கட்டினோம். என்னுடைய ஒரு பேப்பருக்கு அப்பா கூடுதலாக மூன்று வருடம் தறியில் நின்றார்.

*

உதவித்தொகையும் அரியரும் சேர்ந்து வரும்போது எல்லோருக்கும் நினைவு வருவது ராமானுஜன். நாமக்கல்காரர்களுக்கு அவர் ஒருவிதத்தில் சொந்தம். அவர்கள் குலதெய்வம் எங்கள் நாமகிரித் தாயார்தான். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவருக்கு உதவித்தொகை இருந்தது. கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காமல் ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. அவருடைய குடும்பத்துக்கு அந்தச் செலவைத் தாங்க வழியில்லை. விதி தவறாமல் பின்பற்றப்பட்டது.

இந்தக் கதையை வழக்கமாக எப்படிச் சொல்வோம்? ‘பாருங்கள், ஒரு மேதையை விதி கிட்டத்தட்ட கொன்றுவிட்டது.’ இப்படிச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தோற்றவர் மேதையாக இருக்கக்கூடும் என்பதால் அவரிடம் பொறுமை காட்டு என்று சொன்னால், அதுவும் மார்க் பார்க்கிற புத்திதான். மார்க் கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவே. நான் ராமானுஜன் இல்லை. எம்-3யில் 54 வாங்கியவன். சங்ககிரிப் பெண்ணும் அநேகமாக இல்லை. மேதையாகவே வாய்ப்பில்லாதவர்களுக்கு அந்தப் பணத்தின் மேல் என்ன உரிமை என்பதுதான் கஷ்டமான கேள்வி.

ராமானுஜனின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வருகிற இரண்டு சம்பவங்கள். 1911 வாக்கில் நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் அவருக்குத் தன் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். நிபந்தனை எதுவும் இல்லை. ஆனால் அப்படி ஒருவருக்குப் பாரமாக இருப்பது ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை. 1912 மார்ச்சில் மெட்ராஸ் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தார். இரண்டாவது, 1919 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து அவர் மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதம். வருடம் 250 பவுண்டு அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். பெற்றோருக்கு ஒரு பகுதியும் தன் அவசியச் செலவும் போக மீதியை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அடுத்த வருடம் இறந்துபோனார்.

நல்ல மனிதர் எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தபோதும் வாங்குகிறவருக்கு ஏன் கசந்தது? அப்படிக் கசந்தவர், பின்னால் ஏன் யாரென்றே தெரியாத பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொன்னார்? கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுப்பதைவிட, அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதில் அந்தப் பாரம் இறங்குகிறது என்று நினைக்கிறேன். கடன் அடைந்ததால் வருகிற நிம்மதி அல்ல அது. இது ஆரம்பத்திலிருந்தே கடன் இல்லை என்று தெரிந்துகொள்வதில் வருகிற நிம்மதி.

*

‘அரசாங்கம் செய்யவேண்டியதை நீங்கள் ஏன் செய்கிறீர்கள்?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் படித்து முடித்த 2010ல்தான் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை தமிழ்நாட்டில் வந்தது. 2021ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது, அவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்றது. இதில் இருக்கிற பெரிய விஷயம், தாசில்தாரின் சான்றிதழுக்கு யாரும் நன்றிக் கடிதம் எழுத வேண்டியதில்லை. வரிசையில் நின்று, சிடுசிடுப்பைச் சகித்து வாங்கினாலும் அது உரிமை. எந்த வள்ளலும் தரமுடியாத ஒன்றை, யாருக்கும் தலை வணங்காமல் வாங்கும் வசதியை, ஒரு மோசமான அரசு அலுவலகம்கூடத் தந்துவிடுகிறது.

ஆனால் உரிமைக்குக் கோடு போட்டே ஆகவேண்டும். வீட்டில் அக்கா ஏற்கெனவே பட்டதாரி என்றால் தம்பி முதல் பட்டதாரி ஆகமாட்டான். அந்த அக்கா ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீதத்தில் வராது. கோட்டுக்கு அந்தப்பக்கம் விழுகிறவர்களுக்கு முகம் பார்த்து முடிவெடுக்கிற யாராவது தேவைப்படுகிறார்கள். அகரம் போன்ற அமைப்புகள் அங்கேதான் நிற்கின்றன. சிவகுமார் குடும்பம் நாற்பது வருடத்துக்கும் முன்பே ஆரம்பித்தது, பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பதில். சூர்யா 2006ல் தொடங்கிய அகரம், தன்னார்வலர்களை மாணவர்களின் வீட்டுக்கே அனுப்பிச் சூழ்நிலையைப் பார்க்கிறது. மார்க்கிலிருந்து வீட்டுக்கு வந்த அந்த நகர்வு பெரியது. ஆனால் முகம் பார்க்கிறவனுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. முகத்தில் நன்றியையும் தேட ஆரம்பித்துவிடுவான். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வந்த எரிச்சல் அதுதான்.

காண்ட் 1797ல் எழுதிய அறவியல் நூலில் ஒரு சங்கடமான கேள்வி கேட்கிறார். கொடுப்பதற்கு ஒருவன் கையில் பணம் இருப்பதே பெரும்பாலும் அரசின் அநீதியால் சிலர் மட்டும் சலுகை பெற்றதன் விளைவு, அப்படியென்றால் பணக்காரன் செய்யும் உதவியைக் கொடை என்று அழைப்பது தகுமா? இதை எங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தேன். எனக்கு வேலை கிடைத்தது என் மூளையால் மட்டும் அல்ல. 2010ல் கம்பெனிகள் மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்திருந்தன. அக்கா பத்தாவதோடு நின்று மில்லுக்குப் போனதால் வீட்டில் அரிசி இருந்தது. அப்பா தறியில் நின்றார். ‘என் காசு’ என்று நான் நினைத்ததில் எத்தனை பேருடைய காசு இருக்கிறது?

*

கோயம்புத்தூரில் ஒரு பழைய கணக்கு உண்டு. 1926ல் பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள், குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். நான்கு பங்கு நான்கு பேருக்கு, ஐந்தாவது தர்மத்துக்கு. பி.எஸ்.ஜி. அறநிறுவனம் அப்படித்தான் வந்தது, 1951ல் பொறியியல் கல்லூரியும். அந்தக் கல்லூரிகள் இன்று எப்படி நடக்கின்றன என்பது வேறு பேச்சு. எனக்கு அந்த வகுத்தல்தான் முக்கியம். மீந்ததைக் கொடுக்கவில்லை. தர்மத்தையும் ஒரு சகோதரனாக உட்காரவைத்துப் பாகம் பிரித்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் பங்காளியிடம் சண்டை போடுவோம், பேச்சை நிறுத்துவோம், வரப்புக்காகக் கோர்ட்டுக்குப் போவோம். ஆனால் ‘நீ பத்தாவதில் பெயில், அதனால் உனக்குப் பங்கு இல்லை’ என்று எந்தப் பங்காளியிடமும் சொன்னதில்லை. பங்குக்கு நன்றி சொல்லும் வழக்கமும் இல்லை. பிச்சைக்குக் கும்பிடு, முன்பணத்துக்கு உழைப்பு. பங்குக்கு இரண்டும் வேண்டாம். கணக்கு சரியாக இருந்தால் போதும்.

இதை ஒரு கண்டுபிடிப்பு மாதிரி அன்று இரவு வீட்டில் சொன்னேன். என் மனைவி கேட்டுவிட்டுச் சொன்னாள்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா பங்காளி அந்தப் புள்ள மட்டும் இல்லீங்களே? வரிசையில ரெண்டு பேர் இருக்காங்க. அவளை நிறுத்துனா ரெண்டு பேரையும் எடுக்கலாம். நிறுத்தலைன்னா ஒருத்தரைத்தான். இரக்கம் உங்களுது, அதுக்கு விலை குடுக்கறது அந்த இன்னொரு பையன்.”

என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. விதியை எழுதுகிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் இல்லை. வெளியே நிற்கிறவனின் முகம் உள்ளே யாருக்கும் தெரியாது, அவனுக்காகப் பேச விதியைத் தவிர வேறு ஆள் இல்லை. நாமக்கல் குடும்பத்துக்கும் 2007ல் அப்படி ஒரு வரிசை இருந்திருக்கும். என் இடத்தில் வந்த பையன் யார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு என்று அக்கா சொன்னாள். “உள்ள வராதவன் வேற வழி பார்ப்பான். நடுவுல எறக்கி விட்டா, வந்த வழியும் போச்சு, போற வழியும் போச்சு.” பாதியில் நிறுத்துகிறபோது பணம் மட்டும் நிற்பதில்லை. அதை நம்பி எடுத்த முடிவுகளெல்லாம் கடனாக மாறுகின்றன. அதைக் கட்ட யாரோ ஒருவர் எங்கேயோ தறியில் நிற்க வேண்டும்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “அந்தப் புள்ள என்ன வேலைக்கா வந்துச்சு, நின்னுட்டா முன்பணத்தக் கேக்கறதுக்கு?” என்றார். பிறகு மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

*

சங்ககிரிப் பெண்ணுக்குப் பணம் தொடர்கிறது. போன் செய்தபோதுதான் தெரிந்தது, சாயங்காலம் ஒரு டியூஷன் சென்டரில் வேலை பார்த்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்படி ஒரு காரணம் இல்லாமல் சும்மா தோற்றிருந்தாலும் தொடர்ந்திருக்க வேண்டும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். காரணம் தெரிந்ததும் எனக்கு வந்த நிம்மதியை நான் முழுதாக நம்பவில்லை.

காலியாக இருந்த ஓரிடத்தில் அப்பா இல்லாத ஒரு பெண்ணை எடுத்தோம். இன்னொரு பையன், ராசிபுரம் பக்கம், வெளியே நின்றான். அக்கா பட்டதாரி, படித்தது உதவி பெறும் பள்ளி, அதனால் அரசுச் சலுகை இரண்டும் அவனுக்கு இல்லை. இடம் இல்லை என்று மெயில் அனுப்பிவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பங்கு என்று பேசிவிட்டு மெயில் அனுப்புவது அசிங்கமாக இருந்தது. கூப்பிட்டு, ஏன் எடுக்கவில்லை என்று கணக்கோடு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “பரவால்லீங்கண்ணா. சொன்னதுக்குத் தேங்ஸுங்கண்ணா. அடுத்த வருஷம் கேக்கலாங்களா?” என்றான். கேள் என்றேன்.

ஷீட்டில் மூன்றாவது விதியை மாற்றிவிட்டேன். “அரியர் வந்தால் நாங்கள் போன் செய்வோம்” என்று இருக்கிறது இப்போது. கீழே ஐந்தாவதாக ஒரு வரிசை சேர்த்து ராசிபுரம் பையன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். தொகைக்கான கட்டம் இன்னும் காலி. மாதம் 3,400 ரூபாய் எங்கிருந்து வரும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைத் திறந்து பார்க்கிறேன்.