இரண்டாம் தாள்

நடுகல்லை வரையவைத்தே ஜமுனாமரத்தூர் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லித்தரலாம். ஆனால் பார்த்து வரைகிற கை, கல் யார் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கமே போய்ச் சேர்ந்துவிடும்.

மலையிறங்கினால் செங்கம் வட்டாரம். அங்குள்ள எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்டது, 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப்போய் மாண்ட கருந்தேவகத்தி, கூடவே நாய். நாய்க்குக்கூடப் பெயருண்டு: கோவிவன். அது கடித்த கள்ளர் இருவருக்குப் பெயருமில்லை, உருவமுமில்லை.

‘கள்ளன் எங்கே?’ என்று குழந்தை கேட்கும். அதிலேயே வரையச் சொன்னால் கல்லைப் பற்றிப் பொய் சொன்னதாகும். கூடாதென்றால் கேள்வி செத்துப்போகும். எனக்குப் படுவது இது: முதல் தாளில் கல்லில் இருப்பது மட்டும். இரண்டாம் தாளில் அந்த இருவர், குழந்தை கொடுக்கும் முகத்தோடு. முதலாவது வீரனுக்கு மரியாதை. இரண்டாவது இல்லாவிட்டால் அது வெறும் கும்பிடு.