ஒன்றும் நடக்கவில்லை என்றால் தவறும் இல்லையா?

எங்கள் இளைஞர் பிரிவின் இணையத்தளத்தைக் கவனிப்பது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, தொண்டுதான். பிளகினை அப்டேட் செய்யச் சொல்லி அறிவிப்பு வரும்போதெல்லாம், "அப்புறம் பார்த்துக்கலாம்லா" என்று மூடிவிடுவேன்.

2024 மே மாதம் ஒரு செய்தி படித்தேன். வேர்ட்பிரஸ் தளங்களை வேகப்படுத்தும் 'லைட்ஸ்பீட் கேஷ்' பிளகினின் பழைய பதிப்புகளைக் குறிவைத்துத் தாக்குகிறார்களாம். அப்போது உலகமெங்கும் 50 லட்சம் தளங்களில் இருந்த பிளகின் அது. எங்கள் தளத்திலும் இருந்தது, பழைய பதிப்பாகவே.

வெளியாள் அனுப்பும் எழுத்தைச் சரியாகச் சோதிக்காமல் பிளகின் சேமித்து வைத்துவிடும். அதற்குள் ஒளிந்திருக்கும் நிரல் தளத்திலேயே தங்கிவிடும். பிறகு நிர்வாகி அந்தப் பக்கத்தைத் திறந்தால், தளமே சொன்ன கட்டளை என்று நம்பி அவருடைய பிரவுசர் அதை இயக்கும். அவருடைய அதிகாரத்தாலேயே புதிய நிர்வாகிக் கணக்கு ஒன்று உருவாகிவிடும். கடவுச்சொல்லைத் திருட வேண்டிய அவசியமே இல்லை.

என்னை உறுத்தியது வேறொன்று. இதைச் சரிசெய்த பதிப்பு 2023 அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஏழு மாதம் மருந்து பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

பதறிப்போய்ப் பார்த்தேன். எங்கள் தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நண்பன் சொன்னான்: "அதான் ஒன்னும் ஆகலையே, விடு மச்சான். தப்பு பண்றவன் ஹேக்கர். நீ சும்மா தொண்டு செய்றவன்."

அவன் சொன்னதில் பாதி உண்மை. குற்றம் தாக்கியவனுடையதுதான். ஆனால் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. என்னைப் போலவே அப்டேட் செய்யாத இன்னொருவரின் தளம் சிக்கியது, என்னுடையது தப்பியது. இருவர் செய்ததும் ஒன்றுதான். அவருக்குத் தவறென்றால் எனக்கும் தவறுதானே? என்னைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம். அதை என் நல்ல குணம் என்று எப்படிச் சொல்வது?

தொண்டு என்பதும் சாக்காகாது. அன்னதானத்துக்குச் சமைப்பவர்களும் சம்பளம் வாங்குவதில்லை. அதற்காகக் கெட்டுப்போன சாம்பாரைப் பரிமாறலாமா? இலையில் உட்கார்ந்தவர் சமைத்தவரை நம்பித்தான் சாப்பிடுகிறார். எங்கள் தளத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும் பதிந்தவர்களும் அப்படித்தான். அவர்கள் நம்பியது பிளகினை அல்ல, எங்களை.

அன்றிரவே அப்டேட் செய்தேன். தேவையில்லாத பிளகின்களை நீக்கினேன். நிர்வாகிக் கணக்குகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

தம்பி தங்கைகளே, உங்கள் சங்கத் தளத்தின் சாவி யார் கையில் இருக்கிறது? உங்கள் கையில் என்றால், "அப்புறம்" என்று சொல்வதற்கு முன், யாருடைய நம்பிக்கையைத் தள்ளிப்போடுகிறோம் என்று கொஞ்சம் யோசியுங்கள்.