பூங்காவும் அமானிதம், ஆறும் அமானிதம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

 

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஆற்றில் சாக்கடை கலக்கிறது, அதைத் தடுத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த வேலையைச் செய்வதற்கான இடம், பிள்ளைகள் ஓடி விளையாடும், முதியவர்கள் காலாற நடக்கும் பூங்காவின் ஓரத்தில் இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள்?

இது லண்டனில் உண்மையாகவே எழுந்த கேள்வி. டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில், ஷாட்வெல் என்ற இடத்தில், தேம்ஸ் நதிக்கரையில் கிங் எட்வர்ட் மெமோரியல் பார்க் இருக்கிறது. பழைய மீன் சந்தை இருந்த இடத்தில் உருவாக்கி, 1922-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சுற்றிலும் நெருக்கமான அடுக்குமாடிக் குடியிருப்புகள். 2021 கணக்கெடுப்பின்படி டவர் ஹாம்லெட்ஸ் மக்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் முஸ்லிம்கள்; இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதுவே மிக அதிகம். வீட்டில் முற்றம் இல்லாத குடும்பங்களுக்கு அந்தப் பூங்காதான் முற்றம்.

அதே இடத்தில்தான் பெருமழை பெய்தால் நிரம்பி வழியும் கழிவுநீர்க் கால்வாய் ஒன்று தேம்ஸில் போய் விழுந்தது. லண்டனில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே கால்வாயில் ஓடுகின்றன. அது நிரம்பினால் வீடுகளுக்குள் எதிர்த்து ஏறிவிடும். எனவே மிஞ்சியதை ஆற்றில் விடும்படி 19-ஆம் நூற்றாண்டில் ஜோசப் பஸல்ஜெட் அமைத்தார். அன்றைய மக்கள்தொகைக்கு அது போதுமாக இருந்தது. ஊர் பெருகியபின், ஒரு சராசரி ஆண்டில் சுமார் 3 கோடியே 90 லட்சம் டன் கழிவுநீர் தேம்ஸில் கலந்தது.

இரண்டு பக்கமும் உரிமை உண்டு

இதைத் தடுக்க நதிக்கு அடியில் 25 கிலோமீட்டர் நீளத்தில், 7.2 மீட்டர் விட்டத்தில் பெரும் சுரங்கக் குழாய் அமைக்கத் திட்டமிட்டார்கள். அந்தப் பூங்காவும் வேலை நடக்கும் இடங்களில் ஒன்று என்றதும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். "பல ஆண்டுகள் லாரியும் தூசியும் சத்தமுமாக இருந்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பக்கத்திலுள்ள தொழிற்பேட்டை நிலத்தை எடுக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? மக்கள் நடக்கும் பாதையிலும் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைக் கொண்டுவரும் என்று எச்சரித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள் (முஸ்லிம்). பொது நிழலுக்கு மார்க்கத்தில் அவ்வளவு மதிப்பு.

ஆனால் தேங்கிய நீரில் சிறுநீர் கழிக்கக் கூடாது என்று தடுத்தவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தான் (புகாரி, முஸ்லிம்). நீர் அசுத்தமானால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பகுதியின் வரலாறே சாட்சி. 1866-இல் கிழக்கு லண்டனில் காலரா பரவி 5,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நகரின் மற்ற பகுதிகளுக்குப் புதிய கால்வாய்கள் வந்துவிட்டன. கிழக்குப் பகுதியில் மட்டும் வேலை முடியாமல் இருந்தது. ஏழைகள் வாழ்ந்த பகுதிக்கு வேலை கடைசியாகப் போனது. மரணம் முதலில் போனது.

கப்பல் சொல்லும் பாடம்

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் கப்பல் உவமையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள் (புகாரி). சீட்டுக் குலுக்கியதில் சிலருக்கு மேல்தளம், சிலருக்குக் கீழ்தளம். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே ஏறிப் போக வேண்டியிருந்தது. மேலே இருப்பவர்களுக்கு எதற்குத் தொல்லை என்று எண்ணி, தங்கள் பகுதியிலேயே ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுக்க நினைத்தார்கள். அவர்களைத் தடுக்காமல் விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள்.

கவனியுங்கள்! கீழே இருந்தவர்களின் எண்ணம் கெட்டதல்ல. அவர்களுக்குத் தண்ணீர் தேவை, அது நியாயம். ஓட்டை போடுவது தவறு. அப்படியானால் சரியான வழி எது? மேலே ஏறிப் போவதுதான். அந்த நடமாட்டத்தால் வரும் தொல்லையை மேல்தளத்தார் சகித்துக்கொள்ள வேண்டும். கீழிருந்து வருபவரும் தண்ணீர் எடுத்ததும் வழியை விட்டுப் போய்விட வேண்டும். அங்கேயே குடியேறிவிடக் கூடாது.

இந்த நீதியைத்தான் ஃபிக்ஹ் அறிஞர்கள் சட்ட விதிகளாக வகுத்தார்கள். உஸ்மானியப் பேரரசின் மஜல்லா சட்டத் தொகுப்பிலும் அவை இடம்பெற்றுள்ளன. பொதுவான தீங்கைத் தடுக்கச் சிலருக்கு மட்டும் வரும் தீங்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது ஒரு விதி. நிர்ப்பந்தத்துக்காக அனுமதிக்கப்படுவது அதன் அளவைத் தாண்டக் கூடாது என்பது இன்னொன்று. ஒரு தீங்கை அதே போன்ற இன்னொரு தீங்கால் நீக்கக் கூடாது என்பது மூன்றாவது. முதல் விதி பூங்காவுக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறது: பொறுங்கள். மற்ற இரண்டும் மண்ணைத் தோண்டுகிறவர்களுக்குச் சொல்கின்றன: அளவோடு எடுங்கள், திருப்பிக் கொடுங்கள்.

ஷாட்வெல்லில் என்ன நடந்தது? மக்கள் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. 2014-இல் அரசு அனுமதி வழங்கியபோது அதே இடம்தான் உறுதியானது. ஆனால் வேலையின் பெரும்பகுதி பூங்காவின் நடுவில் நடக்கவில்லை. ஆற்றின் ஓரத்தில் தடுப்பு எழுப்பி அதற்குள் நடந்தது. அப்படி மேடாக்கிய இடத்தைப் பூங்காவின் நீட்சியாக மக்களுக்கே விடுவது என்பதும் திட்டத்தில் இருந்தது. 2025 பிப்ரவரியில் சுரங்கக் குழாயின் எல்லா இணைப்புகளும் முடிந்தன. ஆற்றில் கலப்பது முழுவதும் நின்றுவிடவில்லை என்றாலும் மிகப் பெருமளவு குறைந்துவிட்டது. நடுவில் பல ஆண்டுகள் மக்கள் சிரமப்பட்டார்கள். அதை இல்லை என்று சொல்லக் கூடாது.

கேட்காமல் பிடுங்காதீர்கள்

அஹ்மத் நூலில் ஒரு செய்தி. ஒரு வெள்ளிக்கிழமை உமர் (ரலி) அவர்கள் நல்ல உடை அணிந்து பள்ளிக்குப் போகும் வழியில், அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டு மீஸாப் என்னும் கூரைநீர்க் குழாயிலிருந்து இரத்தம் கலந்த நீர் மேலே கொட்டியது. குழாயை அகற்றச் சொல்லிவிட்டு, உடை மாற்றிவந்து தொழுகை நடத்தினார்கள். பிறகு அப்பாஸ் (ரலி) வந்து, அதை அங்கே வைத்தது நபி (ஸல்) அவர்கள் என்று சொன்னார்கள். உடனே கலீஃபா தன் முதுகில் ஏறி நின்று அதைப் பழைய இடத்திலேயே பொருத்தும்படி வேண்டிக்கொண்டார்கள்! பொதுப்பாதையின் நலனுக்காகத்தான் அகற்றினார்கள். ஆனாலும் கேட்காமல் அகற்றியது தெரிந்ததும் தன் முதுகையே கொடுத்துச் சரிசெய்தார்கள். பொதுவேலை செய்கிற அதிகாரிக்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

சகோதரர்களே! நமக்கும் இதில் பங்கு உண்டு. நாம் உளூச் செய்த தண்ணீரும், சமையலறையில் கொட்டிய எண்ணெயும், கழிப்பறையில் போட்ட துணியும் அந்தக் கால்வாயில்தான் போகின்றன. சாக்கடையை நாம் அனுப்பிவிட்டு, அதைச் சரிசெய்ய வருபவரை மட்டும் "எங்கள் தெருவுக்கு வராதே" என்று சொல்வது நீதியா? எதிர்ப்புச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் "இங்கே வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல், "இந்த அசுத்தம் பிறகு எங்கே போகும், அதை யார் சுமப்பார்கள்" என்பதற்கும் பதில் வைத்திருங்கள். வேலை தொடங்கினால், எத்தனை மாதம், எத்தனை மரம், எப்போது திருப்பித் தருவீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நபி (ஸல்) அவர்கள் பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்றார்கள் (முஸ்லிம்). ஆறும் ஒரு பாதைதான்.

பூமி சீராக்கப்பட்ட பின் அதில் குழப்பம் செய்யாதீர்கள் என்று அல்லாஹ் தடுத்திருப்பதை (அல்அஃராஃப் 56) நினைவில் வைப்போம். நீரையும் நிழலையும் அமானிதமாகக் காத்து, நம் பின்னால் வரும் தலைமுறைக்குச் சுத்தமாக ஒப்படைக்கும் நல்லோராக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்புரிவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.