பேரிக்காய்த் திருட்டும் மதுப் பீப்பாயும்

கி.பி. 370 வாக்கில், வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற சிற்றூரில் (இன்றைய அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ்) விடலைப் பையன்கள் சிலர் நடுராத்திரியில் ஒரு பேரிக்காய் மரத்தை உலுக்கி எடுத்தார்கள். காய்கள் பார்வைக்கும் அழகில்லை, ருசியும் இல்லை. ஒன்றிரண்டைக் கடித்துவிட்டு மிச்சத்தைப் பன்றிகளுக்குக் கொட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் பதினாறு வயது அகுஸ்தீனும் இருந்தான். கார்த்தேஜுக்கு மேல்படிப்புக்கு அனுப்ப அப்பாவிடம் பணம் சேரும்வரை ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்த பையன்.

நாற்பதைத் தாண்டி, ஹிப்போவின் ஆயரான பிறகு எழுதிய 'ஒப்புதல்கள்' நூலில் அகுஸ்தினார் இந்தச் சில்லறைத் திருட்டைப் பக்கம் பக்கமாகக் குடைகிறார். பசியில்லை, இதைவிட நல்ல காய் வீட்டிலேயே இருந்தது. பின் ஏன் திருடினான்? தப்பின் மேலேயே ஆசை என்கிறார். அந்தப் பதில் அவருக்கே போதவில்லை போலும், கடைசியில் வேறு இடத்துக்கு வருகிறார்: தனியாளாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டார். கூட்டாளிகள் முன்னால் இளப்பமாகிவிடக் கூடாதென்று, செய்யாத தப்பையும் செய்ததாக அளந்துவிட்டதையும் அவர் மறைக்கவில்லை.

கூட்டாளிகளின் இந்தச் செல்வாக்குக்கு, 2005இல் உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் நடத்திய ஆய்வு சாட்சி சொல்கிறது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு வந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதுதான் கணக்கு. கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது பதின்பருவத்தினரின் துணிச்சல் எகிறியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

'ஒப்புதல்கள்' நூலில் ஒரு சிறுமியின் கதையும் உண்டு. அவள் அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா. சாப்பாட்டு வேளை தவிரத் தண்ணீர்கூடக் குடிக்கவிடாத கிழத்தாதியின் கையில் வளர்ந்தவள். பீப்பாயிலிருந்து மது மொண்டுவர வீட்டார் அனுப்பும்போது உதட்டு நுனியால் கொஞ்சம் தொட்டுப் பார்த்தாள். நாளாவட்டத்தில் அது கிண்ணம் கிண்ணமாகிவிட்டது. ஒருநாள் சண்டையில், கூடவே வரும் வேலைக்காரப் பெண் 'குடிகாரி' என்று மூஞ்சிக்கு நேரே சொல்ல, பழக்கம் அன்றோடு நின்றது.

வேலைக்காரியின் கோபத்தைக் கடவுள் மருந்தாக்கினார் என்பது மகனின் விளக்கம். இருக்கலாம். ஆனால் மகனை யார் 'திருடா' என்றார்கள்? குளியல் மண்டபத்தில் பையன் ஆளாகிவிட்டதைக் கண்ட அப்பா, பேரப்பிள்ளைக் கனவில் பூரித்துப் போனார். பெண் விஷயத்தில் ஜாக்கிரதை என்று அம்மா தனியே கூப்பிட்டுச் சொன்னதை, பொம்பளைப் பேச்சு என்று மதிக்கவே பையனுக்கு வெட்கம். அடக்கம் பெண்ணுக்குரியது, அடங்காமை ஆணுக்கு அழகு என்ற பாடத்தை அவன் ஊரிடமிருந்து படித்திருந்தான்.

இந்தப் பாடத்தின் பங்கு எவ்வளவு, பிறவிக் குணத்தின் பங்கு எவ்வளவு? 1999இல் உளவியலாளர் ஜேம்ஸ் பர்ன்ஸும் சகாக்களும் ஆண், பெண் துணிச்சலை ஒப்பிட்ட 150 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் ஆண்களே அதிகம் துணிகிறார்கள். ஆனால் எந்தக் காரியம், எந்த வயது என்பதைப் பொறுத்து அந்த இடைவெளி கூடுகிறது, குறைகிறது. காலப்போக்கில் சுருங்கியும் வருகிறது. முழுக்க ரத்தத்தில் ஊறிய குணம் என்றால் இவ்வளவு சீக்கிரம் சுருங்குமா? ஆதாமின் பாவம் பிறப்போடு ஒட்டிவருகிறது என்று பின்னாளில் விடாப்பிடியாக வாதாடியவர் அகுஸ்தினார். அவரே தம் பதினாறாம் வயதை விசாரிக்கும்போது குற்றத்தில் பாதியைக் கூடச்சேர்ந்த பையன்களின் சிரிப்பின் மேல் போடுகிறார்.