இரக்கத்தின் செலவு யார் கணக்கில்?

திருவண்ணாமலை பேகோபுரத் தெரு பக்கம் நடந்து போய்க்கொண்டிருக்கிறீர்கள். கார்த்திகை மாத மழை. பூட்டிய கடை வாசலில், ஷட்டருக்கும் படிக்கும் நடுவில் ஒரு பூனைக்குட்டி. உள்ளங்கை அளவுதான் இருக்கும். கத்தக்கூடத் தெம்பில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது, சத்தம் வரவில்லை.

என்ன செய்வீங்க?

தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள். கையில் இருக்கிற கட்டைப்பையில், கீரைக்கட்டுக்கு மேலே உட்காரவைத்து, வீடு வரைக்கும் அதோடு பேசிக்கொண்டே வருவீர்கள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனைகள். குட்டியைக் கூடத்து நடுவில் இறக்கிவிட்டு, 'பாருங்கடா, உங்களுக்குத் தம்பி வந்திருக்கான்' என்று அறிமுகமும் செய்துவைப்பீர்கள்.

அவ்வளவுதான். பெரிய பூனை முதுகை வில்லாக வளைத்து, வாலை பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி உப்பி, ஒரு சீறு சீறும். இன்னொன்று பீரோ மேலே ஏறிக்கொள்ளும். சாப்பாட்டுக்குக்கூட இறங்காது. நாலாவது நாள் உங்கள் தலையணையில் மூத்திரம்!

'பொறாமை பிடிச்ச சனியன்' என்று திட்டுவீர்கள். எனக்கு மனசு இளகியதே, இதற்கு இளகவில்லையே என்று ஆதங்கம்.

எனக்கு இங்கேதான் ஒரு கேள்வி. நீங்கள் காட்டிய இரக்கம் நல்லதுதான், சந்தேகமே இல்லை. ஆனால், அதற்கு விலை கொடுத்தது யார்? நீங்களா, அந்தப் பீரோ மேலே உட்கார்ந்திருக்கிற பூனையா?

பூனையின் பக்கத்து நியாயத்தைக் கொஞ்சம் கேளுங்கள். நாய் கூட்டமாக வேட்டையாடிய ஓநாயின் வழிவந்தது. பூனை அப்படியில்லை. அதன் மூதாதை ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா பக்கத்துக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடிப் பிழைத்தது. எலி என்பது ஒரு ஆள் சாப்பாடு, பங்கு போட முடியாது! மனுஷனோடு அது சேர்ந்து ரொம்ப காலமாகிறது. சைப்ரஸ் தீவில், சுமார் 9,500 வருஷத்துக்கு முந்திய ஒரு மனிதக் குழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ல் அறிவித்தார்கள். இத்தனை ஆயிரம் வருஷத்தில் பூனை நம்மோடு இருக்கப் பழகிவிட்டது. தெரியாத இன்னொரு பூனையோடு இருக்க அந்த அளவுக்குப் பழகவில்லை. கூடப் பிறந்ததுகள், அம்மா-பெண், குட்டியிலிருந்து சேர்ந்து வளர்ந்ததுகள்... இவை ஒன்றை ஒன்று நக்கிக்கொண்டு ஒண்டிப் படுத்துக் கிடக்கும். அந்நியம் என்றால் அந்நியம்தான்.

உங்கள் காலில் வந்து கன்னத்தைத் தேய்க்கிறதே, கொஞ்சுகிறது என்று நினைக்கிறோம். கொஞ்சலும்தான். கூடவே, கன்னத்தில் இருக்கிற சுரப்பியின் வாசனையை உங்கள் மேல் தடவிவிட்டுப் போகிறது. வாசற்கால், நாற்காலிக் கால், பீரோ மூலை என்று வீடு முழுக்க இந்தக் கையெழுத்து இருக்கும். நமக்குப் பட்டா, சிட்டா மாதிரி அதற்கு அது. ஒரே வீட்டுப் பூனைகள் இரண்டில் ஒன்றை மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால், வீட்டில் இருந்தது அதையே பார்த்துச் சீறுவது உண்டு. மருந்து வாசனை ஏறிவிட்டதால் கூட இருந்ததே அந்நியமாகிவிடுகிறது. முன்பின் தெரியாத குட்டி ஒன்று கூடத்து நடுவில் திடீரென்று முளைத்தால்?

அது பொறாமை இல்லைங்க. பயம். இந்தப் பயம் நாள்கணக்கில் தொடர்ந்தால் மூத்திரப்பை புண்ணாகி, பூனை நிஜமாகவே நோயில் விழும். தலையணையில் மூத்திரம் பெய்தது பழிவாங்கவா, வலியிலா என்று நாம் நின்று யோசிப்பதில்லை.

ஆக, கேள்வி இப்படி வருகிறது. பந்தியில் உட்கார்ந்திருக்கிறவன் இலையிலிருந்து கேட்காமல் இரண்டு இட்லியை எடுத்து, வாசலில் நிற்கிறவனுக்குப் போட்டால் அது அன்னதானமா?

இந்த ஊரிலேயே இதற்கு ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. ரமணாஸ்ரமத்துக்குப் போயிருக்கிறவர்கள் அங்கே கூரை மேலும் மதில் மேலும் மயில்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1947-ல் பரோடாவிலிருந்து ஒரு வெள்ளை மயிலை ஆசிரமத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ரமணர் என்ன சொன்னார் தெரியுமா? ஏற்கெனவே இங்கே பத்துப் பன்னிரண்டு மயில் இருக்கிறது, இது வேறு நிறம், அதுகள் இதோடு சண்டைக்கு வருமே என்றார். பூனைகளிடமிருந்து வேறு இதைக் காப்பாற்ற வேண்டும், ஆகவே சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவது நல்லது என்றார். சூரி நாகம்மா தெலுங்கில் எழுதிய கடிதங்களில் இந்த விவரம் வருகிறது.

எல்லா உயிரும் ஒன்று என்று வாழ்ந்து காட்டியவர். குரங்கு, அணில், காக்கை எதையும் 'அது' என்று சொல்லாமல் 'அவன்', 'அவள்' என்றே பேசியவர். அவர், 'ஆஹா, வரட்டும்' என்று உடனே கையை நீட்டவில்லை. முதலில் நினைத்தது ஏற்கெனவே அங்கே இருக்கிற மயில்களை. இரண்டாவதாக நினைத்தது, புதிதாக வந்ததற்கு அங்கே பாதுகாப்பு இருக்குமா என்பதை. தனக்குச் சந்தோஷமா என்கிற கேள்வியே அந்தக் கணக்கில் இல்லை.

ஒரு தடவை மட்டும் என்றால் விட்டுவிடலாம். 1926-ல் ஒரு பசுவும் கன்றும் தானமாக வந்தபோதும் இதே கேள்வி. இங்கே யார் பார்த்துக்கொள்வது? சுற்றிலும் காடு, சிறுத்தை நடமாட்டம் உண்டு. ஒரு பக்தர் பொறுப்பேற்ற பிறகே ஏற்பாடு ஆயிற்று. அதுவும் ஆசிரமத்தில் இல்லை, டவுனில் ஒருவர் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். அந்தக் கன்றுதான் லக்ஷ்மி. பிறகு அவளாகவே தினம் காலையில் ஆசிரமத்துக்கு நடந்து வருவதும், சாயங்காலம் திரும்பிப் போவதும் தனிக்கதை. (1948-ல் அவள் இறந்து, ஆசிரமத்தில் சமாதியும் இருக்கிறது.) வள்ளி என்கிற மான் வந்தபோதும், 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று மாதவசாமி சொன்ன பிறகுதான் அது அங்கே தங்கியது.

வெள்ளை மயிலும் கடைசியில் தங்கிவிட்டது. கொண்டுவந்தவர்கள் விட்டுவிட்டே போய்விட்டார்கள்! தங்கிவிட்டது என்று ஆன பிறகு அவர் முகம் சுளிக்கவில்லை. அதைக் கவனித்துக்கொள்ள ஆளை ஏற்பாடு செய்தார்கள். வேண்டாம் என்று சொன்னபோது எவ்வளவு தெளிவோ, வந்துவிட்ட பிறகு அவ்வளவு அக்கறை. இந்த இரண்டும் ஒரே மனசில் இருக்கமுடியும் என்பது நம்மில் பலருக்குப் பிடிபடுவதில்லை.

'அப்போ, இருக்கிறவன் சம்மதம் இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாதா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. இருக்கிறவனைக் கேட்டால் எந்தக் காலத்திலும் 'வேண்டாம்' என்றுதான் சொல்வான். ரயில் பெட்டிக்குள் ஏறிவிட்டவன், அடுத்த ஸ்டேஷனில் ஏற வருகிறவனைப் பார்க்கிற பார்வை நமக்குத் தெரியாததா? அவனும் முந்தின ஸ்டேஷனில் இதே மாதிரி முட்டிமோதி ஏறினவன்தான்.

அதே மலையில், கந்தாஸ்ரமத்துக்கு ஒரு பெண் நாய்க்குட்டி வந்தது. பெட்டை, வருஷா வருஷம் குட்டி போட்டு ஆசிரமத்தை நிரப்பிவிடும் என்று பயந்து, அங்கே இருந்தவர்கள் விரட்டிப் பார்த்தார்கள். அது போகவில்லை. அவள்தான் கமலா. புதிதாக வருகிற விருந்தாளியைச் சுற்றிக் காட்டி வா என்று ரமணர் சொன்னால், மலையில் இருக்கிற சுனை, சந்நிதி எல்லாவற்றுக்கும் அழைத்துப்போய்க் காட்டிவிட்டுத் திரும்புவாளாம். அன்றைக்கு ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் கமலா தோற்றுப்போயிருப்பாள்.

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். 1916 வாக்கில், ரமணரின் அம்மா அழகம்மாள் கடைசிக் காலத்தை மகனோடு கழிப்பது என்று மலைக்கே வந்துவிட்டார். அங்கே இருந்தவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பெற்ற தாய் வந்து ஒட்டிக்கொண்டால், இவர் நம்மை விட்டுவிட்டு வேறெங்காவது போய்விடுவாரோ என்கிற பயம். பாருங்கள், பீரோ மேலே ஏறிய பூனைக்கு இருந்த அதே பயம்தான். அந்தத் தடவை அவர் பழைய ஆட்கள் பக்கம் நிற்கவில்லை. அம்மா அங்கேயே தங்கினார். நாளாவட்டத்தில் அந்த அம்மா சமைத்துப் போட, ஆசாரம் பார்த்த பெரியவர்களும் மற்றவர்களும் அதையே சாப்பிட்டார்கள். 1922-ல் அவர் மறைந்தபோது, அந்தச் சமாதியைச் சுற்றித்தான் கீழே இன்றைக்கு இருக்கிற ஆசிரமமே உண்டாயிற்று.

மயில் விஷயத்தில் இருக்கிறவர்களை யோசித்தவர், அம்மா விஷயத்தில் ஏன் யோசிக்கவில்லை? முரண்பாடு மாதிரி தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மயிலுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது. அம்மாவுக்கு இல்லை. மனிதர்களுக்கு எடுத்துச் சொல்லலாம், வருத்தத்தைத் தானே ஆறிக்கொள்ளும் சக்தி அவர்களுக்கு உண்டு. மயிலுக்கு யார் எடுத்துச் சொல்வது?

ஷட்டர் ஓரத்துக் குட்டிக்கும் போக இடம் கிடையாது. அதனால், தூக்கிக்கொண்டு வந்தது சரி. என் தகராறெல்லாம் அதற்குப் பிறகு நடப்பதோடுதான். 'பழகிக்கும்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோமே, அந்த வார்த்தையோடு. புது மருமகளுக்கும் இதே வார்த்தை, கிராமத்திலிருந்து கூட்டிவந்து அபார்ட்மென்ட் ஹாலில் கட்டில் போட்ட பாட்டிக்கும் இதே வார்த்தை, அந்த ஹாலில் இதுநாள்வரை படித்துக்கொண்டிருந்த பேரனுக்கும் இதே வார்த்தை. யாரோ ஒருவர் தாராளமாக முடிவெடுக்கிறார். பழகிக்கொள்கிற வேலை மட்டும் மற்றவர்கள் தலையில்.

பூனை விஷயத்தில் அந்த வேலையை நாம் ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது. கொஞ்சம் அலுப்பான வழி. குட்டியை முதலில் ஒரு தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். நோய் பரவாமல் இருக்கவும் இது தேவை. தெருவிலிருந்து வரும் குட்டி பூனை வாந்திபேதியைக் கொண்டுவரலாம், தடுப்பூசி போடாத பழைய பூனைக்கு அது எமன். டாக்டரிடம் காட்டி ஊசி போட்டு, இரண்டு வாரம் போகட்டும். அதற்குள் குட்டி படுத்த துணியைக் கூடத்திலும், பெரியவர் படுத்த துணியைக் குட்டியிடமும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வரட்டும். அப்புறம், சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. (பால் வேண்டாம். நிறைய பூனைகளுக்கு அது வயிற்றைக் கலக்கும். நெத்திலி போதும்.) நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு கதவுக்குப் பதில் வலை. அதற்கும் பிறகுதான் நேருக்கு நேர். மண் தட்டு பூனைக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று. பழைய பூனையின் தட்டும், படுக்கும் இடமும், உங்கள் மடியும் அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே அதற்கு இருக்கவேண்டும். சில வாரம் ஆகும். சில சமயம் சில மாசம்.

இத்தனையும் எதற்கு? குட்டியைக் காப்பாற்றிய புண்ணியம் உங்களுக்குத்தானே? அறையை விட்டுக்கொடுப்பதும், ராத்திரி இரண்டு தடவை எழுந்திருப்பதும் உங்கள் செலவாக இருக்கட்டும்.

அவ்வளவு செய்தும் ஒத்துவராமல் போவதுண்டு. சண்டை நின்றுவிட்டதே என்று ஏமாந்துவிடாதீர்கள். ஒன்று நடுவழியில் படுத்துக்கொண்டு முறைக்கும், இன்னொன்று அந்தப் பக்கமே வராமல் பசியோடு காத்திருக்கும். சத்தம் இல்லை என்பதால் நாம் அதைச் சமாதானம் என்கிறோம். வீடுகளில் மனிதர்களுக்குள்ளும் இந்த மாதிரிச் சமாதானம் நிறைய பார்த்திருக்கிறேன். அந்த நிலைமை மாறவில்லை என்றால், குட்டிக்கு இன்னொரு நல்ல வீடு தேடிக் கொடுத்துவிடுவது துரோகம் இல்லை. ஆனால், தேடுகிற அலைச்சல் உங்களுடையது. ராத்திரியோடு ராத்திரியாக மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, 'அங்கே அதுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை' என்று சொல்லிக்கொள்கிறார்களே, அது வேறு.

இந்த ஊரில் அதற்கு இன்னொரு வகையும் உண்டு. கிரிவலப் பாதை ஓரம் நாலு மாசம் வாடகைக்கு வந்து தங்குவார்கள். மலையைப் பார்த்துக்கொண்டு தியானம். வாசலுக்கு வந்த பூனைக்கு மூன்று வேளையும் சோறு, அழகான ஒரு பெயர். பங்குனி வெயில் ஏறியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தப் பூனை பழைய நேரத்துக்குச் சரியாக வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டு அம்மா அதற்குச் சோறு வைக்கலாம் என்று பார்ப்பார். அவர் வீட்டில் ஏற்கெனவே மூன்று பூனைகள்.